ஈட்டிமலைத் தலைவி தன் நடுக்கத்தைத் தர மறுத்த ஓலை

சீர் வளர்க. தண்கரை நாட்டின் கோமகனும், பகைவரைப் புறங்கண்டவரும், முரசுக்கு நாள்தோறும் பூவும் பொங்கலும் படைப்பவருமான விறலரையர் திருமுன், ஈட்டிமலைக் கோட்டைத் தலைவி எயினங்கையாரின் ஆணைப்படி ஓலைநாயகம் மருதன் கண்டியேன் எழுதுவது. தங்கள் தலைநகரில் மழை தவறாதிருக்கட்டும். தங்கள் அரண்மனைத் தாய்மார் தம் பிள்ளைகளை முதுமை வரை கண்ணாரக் காணட்டும்.

தாங்கள் அனுப்பிய ஓலையும், உடன் வந்த மாந்திரீகர் பூதஞ்சாத்தரும், பட்டுப் போர்த்திய முரசும், அதை அறையும் முரசாளர்களும் வந்து சேர்ந்தனர். ஓலையை அவையில் உரக்கப் படித்தோம். வெற்றி முரசு ஒலிக்கும்போதெல்லாம் ஈட்டிமலைத் தலைவி உடல் நடுங்கி நின்ற இடத்திலேயே அமர்ந்துவிடுவதாகவும், அதைக் கண்டு கோட்டைப் பெண்கள் வாய்விட்டு அழுவதாகவும், அதனால் எந்த வீட்டாரும் புதுப்படைக்குப் பிள்ளை தர மறுப்பதாகவும், ஆகவே அந்த நடுக்கத்தை மந்திரத்தால் கழித்தெடுத்த பின், தலைவியே மதில்மேல் நின்று முரசறைந்து, தம் இளைய மகன் நம்பியாரனை முதல் ஆளாகப் படைக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. சொந்த வீட்டுச் சாவுக்கு அழுவதும் அரசகுற்றம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

கழிப்பு எப்படி நடக்கும் என்று எங்கள் தலைவிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முரசை மெல்லத் தட்டுவார்கள்; நடுக்கம் உடலில் எங்கே எழுகிறதோ, அங்கே உரியவரே கை வைத்துக் காட்ட வேண்டும். அந்த இடத்திலிருந்து ஈரநூல் ஒன்றைச் சுரைக்குடுவைக்குள் விட்டு, மந்திரம் சொல்லி மூச்சை நூல்வழியே இறக்கி, நூலை அறுத்து, குடுவையை மெழுகால் அடைத்து ஆற்றில் விடுவார்கள். சென்ற ஆண்டு இதே முற்றத்தில், இதே பூதஞ்சாத்தர், தலைவியின் கணவர் தளபதி கோவன் சேந்தருக்கு அதைச் செய்தார். மூத்த மகன் தாயன் கருந்துறையில் ஆற்றைக் கடக்கையில் மாண்டபின், முரசு கேட்டால் தளபதியின் வேல் பிடித்த கை ஆடும். அதைக் கழித்தால் மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று நம்பி, குடுவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தவரே எயினங்கையார்தான்.

கழிப்பு பலித்தது. அதுதான் வயிற்றெரிச்சல். அதே கருந்துறையில் வெள்ளம் சுழித்தோடிய நாளில், படகோட்டிகள் பொறுக்கச் சொல்லியும் கேளாமல் தளபதி படையை இறக்கினார். நெஞ்சில் கொஞ்சம் அச்சம் மிஞ்சியிருந்தால் தண்ணீர் வடியும்வரை காத்திருப்பார். வெற்றி தங்களுக்குக் கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் திரும்பவில்லை. வாயிலில் காத்துநின்ற தாய்மாரிடம் தளபதி, சந்தையில் மாடு எண்ணுகிறவரைப் போல இறந்தவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு வீட்டுக்குள் வந்து தாயனின் வில்லை எடுத்து வளைத்துப் பார்த்தார். மரம் நல்ல மரம், வீணாகத் தொங்க வேண்டாம், புதிதாக வரும் ஆளுக்குக் கொடுங்கள் என்றார். மகனை அவர் மறக்கவில்லை, அரசே. அவன் பிறந்த நாளையும் இறந்த நாளையும் தடுமாறாமல் சொன்னார். மறந்திருந்தாலாவது எங்கள் தலைவி மனம் ஆறியிருப்பார்.

இம்முறை பூதஞ்சாத்தர் நூலை நனைத்தபோது, தலைவி அவரைத் தடுத்து, நடுக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, இறந்த பிள்ளையை நெஞ்சில் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். மாந்திரீகர் நனைத்த நூலைக் கீழே வைத்தார். "எங்கே அறுப்பது என்று எனக்குத் தெரியும் தாயே. அந்த நூல் எதுவரை போகிறது என்று தெரியாது" என்றார். தாம் ஆணைக்கு உட்பட்டவர் என்றும் சொன்னார். மெய் சொன்ன அந்த வாய்க்குச் சோறிட்டு, நூலையும் குடுவையையும் அவர் கையிலேயே கொடுத்து வழியனுப்பினோம். அவரைத் தண்டிக்க வேண்டாம்.

ஆகவே ஈட்டிமலைத் தலைவி அறிவிப்பது: நடுங்குகிறவர்கள் நாங்கள் இருப்பதால்தான் இந்த மலையில் இன்னும் சில பிள்ளைகள் மிஞ்சியிருக்கிறார்கள். நம்பியாரன் வரமாட்டான். வேறெந்த வீட்டுப் பிள்ளையும் வரமாட்டான். ஆள் சேர்க்க வருவோருக்குக் கோட்டைக் கதவு திறக்காது. மீண்டும் தங்கள் படைக்கே போய்விட்ட தளபதி கோவன் சேந்தரைப் பதவியிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். அவர் அழ வேண்டியதில்லை. அவருக்கும் சேர்த்து அழ இங்கே ஆள் இருக்கிறது.

தலைவி தம் கையால் அரக்கு முத்திரை பதித்த வேளையில், வெளியே புறப்பட்ட தங்கள் முரசாளர்கள் வழக்கப்படி முரசைத் தட்டினார்கள். அதனால் முத்திரை சிதைந்து கலங்கியிருக்கிறது. மாற்றி வைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். இதைக் கண்டு போலி என்று ஐயுற வேண்டாம். கோடு பிசகாமல் பதிந்த முத்திரையோடு ஈட்டிமலையிலிருந்து பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்து என்றேனும் ஓர் ஓலை வருமானால், அதை எழுதச் சொன்னவர் எயினங்கையார் அல்லர் என்று கொள்க.

இது தலைவியின் ஆணை.