உக்காருங்க, தண்ணி கலக்குறேன்

ஜனவரி 12, 2025

துப்பறியும் நாவல் ஒன்றை முடித்தேன். கொலைகாரன் அந்த வக்கீல்தான் என்பது பாதியிலேயே தெரிந்துவிட்டது. துப்பறிகிறவருக்கு மட்டும் கடைசி அத்தியாயம்வரை தெரியவில்லை. சம்பளம் வாங்குகிற போலீஸ்காரர் இப்படி இருந்தால் ஊர் உருப்படுமா? எங்கள் பிரிஞ்சாங் ஊர் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘விறுவிறுப்பு’ என்று போட்டேன். எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம்.

ஜனவரி 19

அதிகாலையில் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்கிறார் ஒரு முன்னேற்றப் புத்தகக்காரர். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலமெல்லாம் அம்மா இருட்டிலேயே எழுந்து பெரட்டில் போய் நின்று வேலைக்குப் பேர் கொடுத்தவள். மாறியது முழங்கால்தான். குழுவில் ‘பயனுள்ள நூல்’.

ஜனவரி 26

மூடுபனி பற்றி ஒரு தொகுப்பு நிறையக் கவிதை. கவிஞர் ஒரு வாரம் இங்கே துணி துவைத்துக் காயப்போட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

பிப்ரவரி 4

வேலை முடிந்து கோலா தெர்லா பூப்பண்ணையிலிருந்து வெளியே வந்தேன். லோகேஸ்வரன் அண்ணன் காய்கறி லோரியை நிறுத்திப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். வாசகர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

“ஒங்க லயத்தப் பத்தின நாவல் லா, அன்பு. பதினாறாந்தேதி வெளியீடு. ஒங்கம்மாவுக்கு மேடையில பொன்னாடை போடுறோம்.”

போன வருடம் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்து எங்கள் லயத்து வரிசை வீட்டில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டு போன திருமாறன் எழுதியது. பாதி முடித்துவிட்டேன். என்ன எழுத்து! மண் சரிகிற இடத்தைப் படிக்கும்போது கால் கூசியது. அம்மாவின் மஞ்சள் துண்டு, எங்கள் வாசல் திரை, அவளுடைய தெற்றுப் பல் எல்லாம் இருக்கிறது. பெயர் மட்டும் வேறு. அம்மாவிடம் சொன்னேன். மேடைக்குக் கட்ட வேண்டிய சேலையை இப்போதே எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 6

படுபாவி.

யார் வாசலுக்கு வந்தாலும் கதையில் அந்தத் தாய், “உக்காருங்க, தண்ணி கலக்குறேன்” என்கிறாள். சரி. அடுத்த வரி: ‘அந்த மலையில் ஆண்களுக்குச் சாராயம் கலந்து நீட்டுவதே பெண்களின் விருந்தோம்பல்.’

அடப்பாவி! தண்ணி கலக்குவது என்றால் இங்கே மைலோ! காப்பி! சிரப்பு! வந்தவருக்கு ஒரு கிளாஸ் கலக்கிக் கொடுக்காமல் அனுப்பினால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. உங்கள் ஊரில் தண்ணிக்கு வேறு அர்த்தம் என்றால் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? வாயில் கொழுக்கட்டையா?

இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். அம்மா, “தண்ணி கலக்கவா தம்பி?” என்றாள். அவர் பதறிப்போய், “ஐயோ, எனக்குப் பழக்கமில்லைம்மா” என்றார். “மைலோகூடப் பழக்கமில்லையாமே, பாவம்” என்று அவர் போனபின் அம்மா அன்று முழுவதும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் கொன்றது சம்சு என்கிற மலிவுச் சாராயம். நான் அப்போது பள்ளியில் படிவம் இரண்டு. அதற்குப் பிறகு ஒரு போத்தல்கூட எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. லயத்தில் சம்சு விற்க வந்தவனை விளக்குமாற்றோடு மெயின் ரோடுவரை விரட்டியவள் அம்மா. அவள் கையிலா சாராயக் கிளாஸ்? இதற்கா பொன்னாடை?

பிப்ரவரி 9

திருமாறனுக்கு எழுதினேன். பதில் வந்தது: ‘புனைவுதானே சகோதரி. எல்லோரும் பாராட்டுவதே அந்தப் பகுதியைத்தான்.’ எல்லோரும் என்றால் யார்? எங்கள் லயத்தில் யாரைக் கேட்டார்?

லோகேஸ்வரன் அண்ணனிடம் போனேன். “ஒரு வார்த்தைக்குப் போயி இவ்ளோ கோவமா? ஆளு டிக்கெட் எடுத்துட்டாரு. மேடையில கலாட்டா பண்ணிறாத லா.” ஒரு வார்த்தையாம். அவருடைய அம்மாவை இப்படி எழுதியிருந்தால் தெரியும்.

சாயங்காலம் அம்மா வாசித்துக் காட்டச் சொன்னாள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வாசித்தேன். சிரித்துச் சிரித்துக் கேட்டாள். சே, என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

பிப்ரவரி 15

சொல்லிவிட்டேன். நான் தாண்டிப் போன பக்கத்தையும் சொன்னேன். நாளைக்கு மேடையில் நின்றபின் ஊரார் சொல்லித் தெரிவதைவிட என் வாயாலேயே தெரியட்டும்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “நானா கலக்குனேன்?”

“போக வேணாம்மா.”

“ஏன், நான் ஒளிஞ்சுக்கணுமா? தப்பு நான் பண்ணேனா?”

மறுபடி கீரைக்குக் குனிந்தாள். கீரையில் உப்பு போட மறந்துவிட்டாள்.

பிப்ரவரி 16

எடுத்து வைத்த அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். திருமாறன் பொன்னாடையை விரித்துக்கொண்டு கிட்டே வந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

“வேணாம் தம்பி. அந்தப் பொம்பள நான் இல்ல.”

மைக் அவள் பக்கத்தில் இல்லை. முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். அவள் படியிறங்கும்போது மண்டபமே கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள்?

பிப்ரவரி 18

எதற்கென்று இன்றைக்குத் தெரிந்தது. வட்டத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் அம்மா கையை நீட்டித் தடுக்கிற படம். கீழே: ‘பணிவின் காரணமாகப் பொன்னாடையை மறுத்த தோட்டத்துத் தாய்.’

பணிவாம்! அவள் கோபத்தைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லை. இவர்களெல்லாம் வாசகர்கள்!

அங்கேயே எழுதினேன்: ‘அது பணிவு அல்ல, கோபம். இங்கே தண்ணி கலக்குவது என்றால் மைலோ கலக்குவது. என் அம்மா சாராயத்தைத் தொட்டவள் அல்ல. – ருக்குமணியின் மகள் அன்பரசி.’ இத்தனை நாள் எழுதிய கருத்துகளில் நான் பொய் சொல்லாதது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 19

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். போகட்டும்.

மார்ச் 2

விடுமுறை. அம்மா அந்த நாவலை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

“நீ விட்ட பக்கத்த வாசி.”

வேண்டாம் என்றேன். விடவில்லை. வாசித்தேன். வெளியே மழை, கொடியில் காயாத துணி, கிளாஸில் கரண்டி படுகிற சத்தம், வளையல், நீட்டுகிற கை என்று ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“நல்லாத்தான் எழுதிருக்கான்” என்றாள். “படிக்கிறவங்க எல்லாம் நம்பிருவாங்க.”