லூவெல்லாவுக்குத் திரும்பக் கிடைத்த வீடு

அன்பு மகள் டாமிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலையும் என் வாயையும் விட்டுவிட்டால் இந்த வீட்டில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. நீயும் அந்த அலாஸ்கா குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, எந்தக் கரடியின் கண்ணிலும் படாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று ஆண்டவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீடு என்ன ஆனது என்று கேட்டாயே, அது போனில் சொல்லித் தீராது. லூவெல்லாவுக்கும் எனக்கும் ஆகாது என்பது கிளீவ்லாண்டுக்கே தெரியும், அவளும் கத்துவாள், அவள் ரேடியோவும் கத்தும். ஆனால் பேங்க் வட்டியை ஏற்றி ஏற்றி வீட்டைப் பிடுங்கிக்கொள்ள, அவள் அக்கா வீட்டில் போய் ஒண்டிக்கொண்ட பிறகு இங்கே குடிவந்தவர்களைப் பார்த்தபோதுதான் அவள் அருமை தெரிந்தது. முதலில் திருடர்கள் வந்து செம்புக் குழாய்களை உருவிக்கொண்டு போனார்கள், அப்புறம் முகமூடி போட்ட பூனை மாதிரி இருக்குமே, அந்த ராக்கூன் ஒரு குடும்பமே பிள்ளைகுட்டியோடு மாடியைப் பிடித்துக்கொண்டது. "லூவெல்லாவ விட இதுங்க எவ்வளவோ அமைதி"ன்னு உன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். புல் வெட்ட ஆள் அனுப்புங்கள் என்று நான் பேங்கைக் கூப்பிட்டால் காத்திருக்கச் சொல்லி ஆள்மாற்றி ஆள் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள், கடைசியில் லைனில் வந்த ஒருத்தன் கிளீவ்லாண்ட் எந்த மாநிலம் என்று கேட்டான்.

அப்புறம்தான் இந்த மாதிரிக் காலி வீடுகளுக்கென்று வாஷிங்டனிலிருந்து நகரத்துக்குப் பணம் வந்தது. சிலதைப் புதுப்பிப்பார்களாம், சிலதை இடிப்பார்களாம். எதிர் வீட்டை ஒரே காலையில் தரைமட்டமாக்கிவிட்டு, லூவெல்லா வீட்டுக் கதவிலும் சிவப்பு அடையாளம் போட்டுவிட்டுப் போனார்கள். நான் வார்டு கூட்டத்துக்குப் போய், "இதையும் இடிச்சீங்கன்னா எங்க தெரு பல்லு போன வாய் மாதிரி ஆயிடும். ஒண்ணு சரிபண்ணுங்க, இல்லன்னா அந்த ராக்கூனுங்களுக்கே பட்டா போட்டுக் குடுங்க"ன்னு கத்தினேன். பெத்தனி என்று ஒரு பெண், வட்டார வீட்டுச் சங்கத்தில் வேலை பார்க்கிறாள், சிரித்துத் தொலைத்துவிட்டாள். சிரித்த பாவத்துக்கு அந்த வீட்டைச் சரிபண்ணும் வேலை அவள் தலையில் விழுந்தது.

புதுக் கூரை, புது ஜன்னல், புதுக் குழாய், சமையலறையில் முகம் பார்க்கிற மாதிரி கல்லு. நம் கூரை ஒழுகுகிறதே, அந்த ஆட்களே அப்படியே ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா என்று பெத்தனியிடம் கேட்டேன். "உங்க வீடு காலியா இல்லையேம்மா, சட்டப்படி முடியாது"ன்னாள். "அப்ப நாங்க ரெண்டு மாசம் வெளியில போய் நிக்கட்டுமா?"ன்னு உன் அப்பா கேட்டார், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீடு தயாரான பிறகு வாங்க ஆளில்லை. வருகிறவர்கள் வீட்டைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், தெருவைப் பார்த்துக் காரில் ஏறிவிடுவார்கள். இப்படியே விட்டால் குழாய்த் திருடர்கள் மறுபடி வருவார்கள் என்று எனக்குப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் லூவெல்லாவை மறித்து விஷயத்தைச் சொன்னேன். "வயித்தெரிச்சலக் கெளப்பவா வந்த?"ன்னாள். ஆனாலும் விண்ணப்பம் போட்டாள். தள்ளிவிட்டார்கள், ஏனென்று கேள், ஏற்கெனவே ஒரு வீட்டை பேங்கிடம் பறிகொடுத்தவளுக்குச் சில வருஷம் கடன் கிடையாதாம். எந்த வீட்டை என்று எவனும் கேட்கவில்லை.

இரண்டு பேருமாக பெத்தனி முன்னால் போய் உட்கார்ந்தோம், நானும் லூவெல்லாவும் ஒரே பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெத்தனி நல்ல பெண், எங்கெங்கோ முட்டி மோதி ஒரு வழி பிடித்தாள், சில வருஷம் வாடகை கட்டினால் வீடு லூவெல்லா பெயருக்கே வந்துவிடும். ஆனால் சொந்த வீட்டில் குடியிருப்பது எப்படி என்று வகுப்புக்குப் போகவேண்டுமாம். "பாடம் எடுக்குற பையன் இன்னும் அவங்கம்மா வீட்டுலதான் இருக்கான்டி"ன்னு லூவெல்லா என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள்.

சாவி வாங்கிய அன்று என்னையும் கூட வரச்சொன்னாள். உள்ளே போனவள் ஒவ்வொரு குழாயாகத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். கடைசிக் குழாயை மூடவேயில்லை, அப்படியே கையை நனைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை ரிப்பன் வெட்டு விழா. கவுன்சிலர் அரை மணி பேசினார், கேமராக்காரர்கள் வந்தார்கள், கேக் வந்தது. நன்றியாக இரண்டு வார்த்தை பேசச்சொல்லி மைக்கை லூவெல்லாவிடம் கொடுத்தார்கள். "என்னய வெளிய தள்ளுனீங்க. திருடன் வந்து குழாயப் புடுங்குற வரைக்கும் பாத்துட்டு இருந்தீங்க. நாங்க கட்டுன வரிப்பணத்துலயே புதுக் குழாய் போட்டீங்க. இப்ப நன்றி வேற சொல்லணுமா? கேக்கு நல்லாருக்கு, அதுக்கு வேணா சொல்றேன்"ன்னு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உன் அப்பா அந்த முழங்காலோடு எழுந்து நின்று கை தட்டினார், அப்புறம் பெத்தனி தட்டினாள், அப்புறம் தெருவே தட்டியது. கவுன்சிலருக்கு வேறு வழியில்லை, அவரும் தட்டினார்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் விளங்கட்டும். அப்பாவின் பிறந்தநாளுக்குக் கூப்பிட மறக்காதே, அவர் எதிர்பார்க்கிற மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
வெர்னா