தேனில் குழைத்த மாத்திரை

மூடியைத் திறந்ததுமே அந்தப் பொய்யான ஆரஞ்சு வாசனை வந்துவிட்டது. பாட்டிலின் அடியில் வெள்ளைப் பொடி. கொதித்து ஆறின தண்ணீரை அம்புக்குறிக்குச் சற்றுக் கீழே வரை விட்டு, நன்றாகக் குலுக்கி, சமையல் மேடையில் வைத்தேன். "நுரையை அளக்காதடி, மருந்தை அள" என்பாய். நுரை அடங்கினபின் மறுபடி தண்ணீர் விட்டுக் குறிக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை மேடையில் சாய்ந்துகொண்டேன். குழந்தைக்குக் காது வலி, மூன்றாம் நாள் காய்ச்சல். நான் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்துகொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் கூடத்திலிருந்து என் மாமனார் குரல் கொடுத்தார்.

"பாட்டில்ல என்ன போட்டிருக்குன்னு நீயே படிச்சுக்கோம்மா. கடையில நிக்கிறவங்களை நம்பாதே. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லாம விட்டதுல நான் செத்துப் பொழைச்சேன்."

அந்தப் பொண்ணு நீதான். நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் மருந்து வாசனை வந்தால் கூடவே இந்தப் பேச்சும் வருகிறது. ஊரிலிருந்து வருபவர்களிடம், பால்காரரிடம், எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இன்றுவரை நான் ஒருமுறைகூடக் குறுக்கே பேசினதில்லை.

பிளஸ் டூ வரை நாம் ஒரே பெஞ்சு. நான் கெமிஸ்ட்ரி படித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். நீ டி.பார்ம் முடித்து, மாம்பலத்தில் சப்வேக்குப் பக்கத்து மருந்துக்கடையில் நின்றாய். கல்யாணமாகி நான் மேற்கு மாம்பலத்துக்கே வந்தபோது நமக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பஞ்சு பாக்கெட் வாங்குகிற சாக்கில் அங்கே வந்து நிற்பேன். ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் கையை நீட்டி அவசரப்படுத்த, நீ மட்டும் நிதானமாக ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருப்பாய். உனக்கு அந்தக் கவுண்ட்டர் ஒரு மேடை.

"இந்தக் கேப்ஸ்யூலை மெஷின்ல போட்டு உறிஞ்சணும் பெரியவரே. முழுங்கக் கூடாது."

"ஆறு நாளா காப்பில முழுங்கினு கீறேனே! அதான் இளைப்பு அப்படியே கீதா?"

"வயித்துக்கு இளைப்பு வந்திருந்தா சரியாப் போயிருக்கும்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு நீ அந்தச் சின்ன மெஷினைத் திருகி, உறிஞ்சிக் காட்டி, அவரைச் செய்யச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்பினாய்.

மருந்து ஏன் இத்தனை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது என்று உன்னிடம்தான் கேட்டேன். போய்ச் சேரவேண்டிய இடம் வேறு வேறு என்றாய். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைப்பது வயிற்றுப் பக்கமே போகாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். சில மாத்திரைக்கு மேலே பூச்சு, வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலில் போய்க் கரைவதற்கு. சிலது உள்ளே போய் நாள் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். "மாத்திரையை வெறும் மாவு உருண்டைன்னு நினைக்காதடி. எப்போ அவிழணும்னு கணக்குப் பண்ணிக் கட்டின மூட்டை அது." நான் படித்த கெமிஸ்ட்ரியில் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை.

மாமாவின் இளைப்புக்கு டாக்டர் எழுதினது அந்தக் கடைசி வகை. தினம் ஒன்று. காகித உறையில் கொடுக்கும்போது நீ சொன்னாய். "உடைக்காதே, பொடிக்காதே. முழுசா முழுங்கச் சொல்லு." சொன்னதோடு விடாமல், உறைமேல் பால்பாயின்ட் பேனாவால் 'முழுசாக' என்று எழுதி இரண்டு கோடும் போட்டாய். குழந்தை அப்போது கவுண்ட்டர் கண்ணாடியை நக்கப் பார்த்தது. நான் அதை இழுத்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாமா சின்ன வயதிலிருந்தே சூரணமும் பஸ்பமும் தேனில் குழைத்து நக்கி வளர்ந்தவர். இங்கிலீஷ் மாத்திரையானாலும் கல்வத்தில் பொடித்துத் தேன் விட்டுக் குழைத்துக் கொடுக்க வேண்டும். முழுசாக விழுங்கினால் தொண்டையில் நிற்கும் என்று பயம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. அன்று சாயங்காலமும் கை தானாகவே கல்வத்தை எடுத்தது. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டதும் இதே கைதான்.

நாள் பூராவும் இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, கை நடுக்கம். பனியனுக்கு மேலேயே தெரியும்படி மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆட்டோவில் போகும்போது என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடியை இன்னும் உணர்கிறேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். பொடித்துக் கொடுத்ததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். "பொடிக்கக் கூடாதுன்னு கடையில சொல்லலியா?" என்று என் புருஷன் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர்கள் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே மாமா கடைக்குப் போனார். நானும் குழந்தையோடு பின்னால் நின்றேன். அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். முதலாளி உன்னைப் பார்த்துக் கேட்டார். "சொன்னியா, சொல்லலியா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன் சார்" என்றாய்.

இரண்டு நாள் கழித்து உன்னைத் தனியே பிடித்து அழுதபோது, "கடையில திட்டு ஷட்டர் போட்டதும் முடிஞ்சிடும். உனக்கு வீட்டுல முடியுமாடி?" என்று கேட்டுவிட்டு, என் மூக்கை உன் துப்பட்டாவாலேயே துடைத்தாய். ஆனால் முடியவில்லையே. உன்னைக் கவுண்ட்டரிலிருந்து எடுத்து, பின்கட்டில் அட்டைப்பெட்டி பிரித்து அடுக்கப் போட்டார்கள். நான் வரும்போதெல்லாம் உள்ளேயிருந்து பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பேசுவதற்கு ஆள் இல்லாமல் நீ அங்கே எட்டு மாதம் இருந்தாய். பிறகு மஞ்சள் காமாலை. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது.

இன்று சாயங்காலம், பாட்டில் கையில் இருக்க, கூடத்துக்குப் போய் நின்றேன்.

"மாமா, அவ சொன்னா. உறை மேலேயும் எழுதிக் கொடுத்தா. நான்தான் மறந்து பொடிச்சேன். உங்ககிட்ட மறைச்சதும் நான்தான்."

கத்துவார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்தார், மறுபடி பிரித்தார். "அந்தப் பொண்ணோட அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"கொட்டிவாக்கத்துல, மகன் வீட்டுல இருக்காங்க."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் எழுந்துபோய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

உன் பதினாறாம் நாள் அன்று உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "வேலையில ஒரே ஒரு தடவைதான்மா தப்புப் பண்ணா. அதையே நினைச்சு நினைச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டாளோ என்னவோ." நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதும் போகிறேன். உன் அம்மா திட்டினால் வாங்கிக்கொள்வேன். அடித்தாலும் சரி. ஆனால் அவர்களை எனக்குத் தெரியும். "பரவாயில்லம்மா, அலைஞ்சு வந்திருக்கே, முதல்ல காப்பி சாப்பிடு" என்றுதான் சொல்வார்கள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு எப்படி எழுந்து வருவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.