அப்பாவுக்குச் சீனியில்லாத புடிங்

கோட்-டெ-நெய்ஜ்,
யூன் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

தாட்சாயினி எழுதுறன். நான் நல்ல சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி?

அப்பா இஞ்சை வந்தால் குடுக்கவெண்டு பழகின புடிங்கை, நேற்று அவரின்ரை முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு ஓவனிலை வேகவிட்டுப் படைச்சன். அரிசிக்குப் பதில் கினோவா, பாலுக்குப் பதில் சோயாப்பால், சீனிக்குப் பதில் அவிச்ச அப்பிள். செத்த மனிசனுக்குச் சத்துச் சாப்பாடு! எனக்கே சிரிப்பு வந்தது.

கடைசியாக் கதைக்கேக்கை, "பிள்ளை, ஒருநாளைக்கெண்டாலும் சீனி போட்டுத் தேத்தண்ணி தரச்சொல்லி அம்மாட்டைச் சொல்லு" எண்டவர். சலரோகக்காரருக்குச் சீனியோ எண்டு ஏசிப்போட்டு ஃபோனை வைச்சன். நீங்களும் என்ரை சொல்லைத்தான் கேட்டியள்.

வேலைக்கு நேரமாச்சு. ஆடி அமாவாசைக்குப் படைக்கேக்கை தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுங்கோ. நான்தான் போடச்சொன்னதெண்டு அவருக்குச் சொல்லுங்கோ.

தாட்சா