போணிக் கிண்ணம்

ஜூலை 4
இன்றும் கியெம்தான் ருசி பார்த்தார். "அடிச்சுக்க ஆளில்ல, தோவா! இறால் விழுது என்னமா மணக்குது!" கல்யாணமான நாளிலிருந்து நான் வைக்கும் நண்டுக் குழம்பு நூடுல்ஸுக்கு, என் புன் ரியூவுக்கு, என் புருஷன் நாக்குதான் தராசு. என் நாக்கை நான் நம்பியதே இல்லை. பன்னிரண்டாம் தேதி வீட்டு வாசலில் கடை திறக்கிறேன். தையல் வேலையையும் விட்டாயிற்று. ஹனோயில் மூலைக்கு மூலை புன் ரியூ கடை. ருசி தப்பினால் இரண்டாம் நாளே ஈ ஓட்ட வேண்டியதுதான். முதல் போணி இவர் கையால்தான்.

ஜூலை 6
தக்காளி நன்றாகப் பழுத்தது கிடைத்தது.

ஜூலை 8

நேற்றைய வெயிலில் அரை வாளி வயல் நண்டு செத்துப்போயிற்று. கொட்டலாம் என்று பின்புறம் ஒதுக்கிவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பினால் தெருமுனையிலேயே நாற்றம் குடலைப் பிடுங்கியது. உள்ளே இவர் அதே நண்டை உரலில் இடித்து, வடிகட்டி, அடுப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்! "உனக்கு வேலை மிச்சம்" என்று சிரிப்பு வேறு.
"மூக்குக்கு என்ன ஆச்சு உங்களுக்கு?"
சிரிப்பு நின்றது. "மூணு வருஷமாச்சு. அந்தக் காய்ச்சலோட போச்சு. உப்பும் புளிப்பும் தெரியுது. வாசனை சுத்தமா இல்ல."
மூணு வருஷம்! மணக்குதுன்னு சொன்னதெல்லாம் பச்சைப் பொய்யா? எத நம்பிக் கடை போடறேன் நான்?

ஜூலை 9
இவருக்குச் சோறு வைத்துவிட்டுத் தனியாகப் பாய் போட்டுப் படுத்தேன்.

ஜூலை 10
ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.
"சொல்லியிருந்தா நீ சமைக்கிறதையே விட்டிருப்ப."
பாவி மனுஷன். விட்டுத்தான் இருப்பேன்.
போணிக்கு இவருக்குப் பதில், சந்தையில் நண்டு விற்கும் நூ அக்காவைக் கூப்பிட்டுவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. மூன்று வருஷமாக இந்தக் குழம்பைச் சாப்பிட்ட அக்கம்பக்கத்தார் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லையே. பார்த்துக்கொண்டது யார்?

ஜூலை 12
இடித்து வடித்த நண்டுச் சாறு கொதித்ததும் கட்டிக்கட்டியாக மேலே மிதந்து வந்தது. நானே ருசி பார்த்தேன். புளிப்பு கொஞ்சம் குறைந்தது, இன்னும் அரைக் கரண்டி காடி விட்டேன்.
நூ அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம், அக்கா" என்று சொல்லிவிட்டு இவரைக் கூப்பிட்டு முதல் கிண்ணத்தை நீட்டினேன். தப்பு செய்த பிள்ளை போல வந்தார்.
"எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா?"
"மாட்டேன். நான் சொல்றேன், கேட்டுக்கிட்டே சாப்பிடுங்க. நண்டு வாசம் முதல்ல வருது, லேசா இனிப்பா. அப்புறம் தக்காளி. இறால் விழுது தெருக்கோடி வரைக்கும் போகுது."
கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.
"புருஷன் பொண்டாட்டி கொஞ்சினது போதும், என் கிண்ணம் எங்கடி?" என்றாள் நூ அக்கா. கொடுத்தேன். எப்படி இருக்கிறது என்று அவளிடமும் கேட்கவில்லை.