வகை ஊகத்தில் ஓர் ஓட்டை

12 மார்ச் 1996, செவ்வாய்

நிரலைக் கணினிக்குப் புரிகிற மொழிக்கு மாற்றித் தரும் எங்கள் கம்பைலர் இன்று முதல்முறையாக ஒரு பெரிய நிரலை முழுதாக ஏற்றுக்கொண்டது. எந்த மாறியில் எந்த வகைப் பொருள் இருக்கும் என்று நிரலில் ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை. எல்லாவற்றையும் அதுவே ஊகித்துக்கொண்டது.

பேராசிரியரிடம் நாங்கள் இருவரும் ஆய்வு மாணவர்கள். ஊகிக்கும் விதிகளும் அவை தவறாது என்ற நிரூபணமும் என் பங்கு. கம்பைலர் கேதீஸ்வரன் அண்ணன் எழுதியது. ஓடிப்போய் டெய்ரியில், அதாவது மூலைக்கடையில், சூடான ‘பை’ பலகாரம் இரண்டு வாங்கி வந்தார். “யுவனா, இனி அது எங்களை ஒண்டும் கேளாது!” யாழ்ப்பாணத்துக்காரர் சிரித்தால் மாடி முழுக்கக் கேட்கும். ஊரில், ஈப்போவில், என் அண்ணன்மார்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

29 மார்ச்

ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருள் எழுதுகிற ஒரு கம்பெனி எங்கள் கம்பைலரை எடுத்துக்கொள்கிறது. கேதீஸ் அண்ணனுக்கு அங்கே வேலை. வேலை இருந்தால் ரெசிடென்சி, இங்கேயே தங்கும் உரிமை. அது வந்தால் கொழும்பில் இருக்கிற மனைவி ரதிதேவியையும், கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் பிரணவியையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். இங்கே எப்சமில் பள்ளிக்கூடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

18 ஏப்ரல்

மழை. நிரூபணத்தில் ஒரு படி இடிக்கிறது.

19 ஏப்ரல்

விதி தவறு. என் விதி.

ஆம்புலன்ஸ் பட்டியலை வாகனப் பட்டியலாக எண்ணி, அதில் ஒரு சாதாரண வேனைச் சேர்க்க விட்டுவிடுகிறது. அப்புறம் அந்த வேனிடம் போய், உள்ளே நோயாளி யார் என்று கேட்கிறது நிரல். வேனுக்குப் பதில் தெரியாது. நிரல் அங்கேயே நின்றுபோகிறது. இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஓட்டைதான். அடைத்துவிட்டோம் என்று நினைத்தோம். பட்டியல் இரண்டு மூன்று கை மாறிப் போனால் திறந்தே கிடக்கிறது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

22 ஏப்ரல்

சொன்னேன். நிரலைத் தானே ஓட்டிப் பார்த்தார். நின்றது. திரும்பவும் ஓட்டினார்.

“பேராசிரியருக்கு இப்ப சொல்லாதேங்கோ. நான் வேலையில சேர்ந்தாப்பிறகு உள்ளுக்க இருந்து திருத்துவன்.”

“திருத்த முடியலன்னா, அண்ணே?”

“முடியும்.”

“அதுக்குள்ள அவங்க ஓட்ட ஆரம்பிச்சிருவாங்களே. ஆம்புலன்ஸ் அண்ணே அது.”

அவர் திரையை அணைத்தார். “நீங்கள் பிள்ளை பெறேல்லை யுவனா,” என்றார். கோபமாகக்கூட இல்லை.

23 ஏப்ரல்

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

7 மே

பேராசிரியர் ஓட்டையைச் சொன்னதும், கம்பெனி கம்பைலரும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்றுவிட்டது.

3 ஜூலை

அண்ணனின் மேசையில் வேறொரு மாணவன். அவர் படிப்பை விட்டுவிட்டு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறாராம். வீட்டுக்குப் போன் பண்ணினேன். என் குரல் கேட்டதும், “வேலைக்கு வெளிக்கிடுறன்,” என்று வைத்துவிட்டார்.

நான் செய்தது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் அந்த எண்ணையே மறுபடி அழுத்துகிறேன்?

14 பிப்ரவரி 1997

ஓட்டை அடைபட்டது. ஒரு பட்டியல் மாற்றப்படுமா இல்லையா என்பதை மட்டும் நிரல் எழுதுகிறவரே சொல்லிவிட வேண்டும். மற்றதைக் கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். அவ்வளவுதான், ஒரு சொல். அதற்குப் பத்து மாதம்.

ஆய்வுக் கட்டுரையில் கேதீஸ் அண்ணன் பெயரையும் போடச் சம்மதம் கேட்டு ஆள் அனுப்பினேன். வேண்டாமாம்.

16 நவம்பர், ஞாயிறு

ஏவன்டேல் சந்தையில் கேதீஸ் அண்ணனையும் குடும்பத்தையும் பார்த்தேன். அவர்களுக்கு விசா கடைசியில் போன மாதம்தான் கிடைத்ததாம். மனைவியும் மகளும் வந்து பத்து நாள். ஒதுங்கிப் போய்விட நினைத்தேன். அவர்தான் கூப்பிட்டார்.

“ரதி, இவதான் யுவனேஸ்வரி.”

“ஓம், சொல்லியிருக்கிறார்,” என்றாள் ரதிதேவி. என்ன சொன்னாரோ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அந்த ஓட்டை அடைபட்டுதோ?” என்று அவர் கேட்டார். சொன்னேன். முன்பு போலவே தலையைச் சாய்த்துக் கேட்டார். கீரைக்கட்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் பழையபடி இருந்தோம். “ஓம். அப்பிடித்தான் வரவேணும்,” என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சு எடுத்துப் பிரணவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, இந்த மாமாட்டை வாங்கலாமோ?”

“மாமா இல்லையடி. அப்பா.”

அவர் தலை நிமிரவில்லை. பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார்.