பகலில் படுக்காதவள்

ஜனவரி 9

இன்றும் கட்டில் பார்க்க ஆள் வந்தார்கள். எதிர்க் கட்டடத்துப் புருஷனும் பெண்டாட்டியும். மகன் கடையிலிருந்து நேராகக் கூட்டி வந்துவிட்டான். அவன் விற்பது எல்லாம் மடக்குச் சாமான்: சுவருக்குள் போகும் கட்டில், பெட்டியாகவும் இருக்கிற முக்காலி, ஏணியாக நிற்கும் நாற்காலி. வீடுகள் சிறுக்கச் சிறுக்க அவன் வியாபாரம் பெருகுகிறது. கடையில் பார்த்தால் நம்ப மாட்டார்களாம், குடியிருக்கிற வீட்டில் பார்த்தால்தான் நம்புவார்களாம். அதனால் எங்கள் வீடுதான் சாம்பிள்.

முதலில் காட்டுவது என் கட்டில். காலையில் எழுந்து அடிப்பட்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் போய்ச் சுவரோடு நின்றுகொள்ளும். அதன் முதுகிலிருந்து மேஜைப் பலகை இறங்கும். நாள் முழுக்க மருமகள் அதில் கம்ப்யூட்டரை வைத்து ஆபீஸ் வேலை பார்ப்பாள். சாயங்காலம் பேத்திக்கு வீட்டுப்பாடம். கட்டிலுக்குப் பேத்தி வைத்த பெயர் வௌவால்.

வந்தவள் தன் மாமியாருக்காகக் கேட்டாள். "வயசானவங்க பகல்ல கொஞ்சம் சாயணும்னா என்னம்மா பண்றது?"

மகன் வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "பகல்ல படுக்கறதா? அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாதும்மா. எழுந்தா எழுந்ததுதான்." ஒரே கையால் கட்டிலை ஏற்றியும் காட்டினேன்.

அங்கேயே ஆர்டர். "அம்மா, நீ கடையில உக்காந்துட்டா நான் வீட்ல தூங்கலாம்" என்றான் மகன். உச்சி குளிர்ந்துவிட்டது. சொன்னது ஒன்றும் பொய் இல்லையே.

ஜனவரி 24

என் படம் போட்டு நோட்டீஸ் அடித்திருக்கிறான். மேலே பெரிய எழுத்தில் என் வார்த்தை அப்படியே: "எழுந்தா எழுந்ததுதான்!" படித்தது ஐந்தாவதுதான் என்றாலும் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவள் நான். என் பேச்சையே அச்சில் வாசித்தேன். மறுபடியும் ஒரு தடவை வாசித்தேன்.

வாட்ச்மேன் இப்போது என்னை அப்படியேதான் கூப்பிடுகிறான். "எழுந்தா எழுந்ததுதான் பாட்டி, லிஃப்ட் ரிப்பேர், படியில போங்க."

பிப்ரவரி 16

இடுப்பு.

மார்ச் 3

வழுக்கவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. சும்மா எழுந்தபோது பிடித்தது, விடவே இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை யாரோ கம்பியை உருவுகிற மாதிரி. டாக்டரம்மா சொன்னாள்: "மாத்திரை மட்டும் போதாது. பகல்லயும் அப்பப்ப காலை நீட்டிப் படுத்துக்குங்க."

மகனிடம் மாத்திரையை மட்டும் காட்டினேன்.

ஏன் சொல்லவில்லை? வௌவாலை இறக்கினால் மருமகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? சமையலறைக் கதவு பாதிதான் திறக்கும். சரி, அதையெல்லாம் சமாளிக்கலாம். ஊரெல்லாம் என் படம் போய்விட்டதே — அதை என்ன செய்ய?

மார்ச் 11

பகலெல்லாம் முக்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கம்பளி அடைத்த முக்காலி. எனக்குப் படுக்க இடம் இல்லை, கம்பளி சுகமாகப் படுத்திருக்கிறது.

மருமகள் வேலையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "அத்தை, முகமே சரியில்லையே. கட்டிலை இறக்கட்டுமா?"

"எனக்கென்ன? நீ உன் வேலையைப் பாரும்மா."

சுள்ளென்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. கேட்க மாட்டாளா என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன புத்தி?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி நான் தூங்கி விழுவதைப் பார்த்துவிட்டாள். "பாட்டி, வௌவாலே பகல்லதான் தூங்கும். நீங்க ஏன் முழிச்சிட்டிருக்கீங்க?"

மார்ச் 18

கீழே பூங்கா பெஞ்சில் ஒரு அம்மா. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே அந்த எழுந்தா எழுந்ததுதான்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். பெருமையாகத்தான்.

"என் மருமக உங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் எனக்குக் கட்டில் வாங்கினா. உங்க நோட்டீஸ் எங்க ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. கொஞ்சம் படுக்கணும்னா போதும், 'அந்தம்மாவைப் பாருங்க'ன்னு விரலை நீட்டுவா. உங்களுக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"என்னைவிடப் பெரியவங்க. நல்லா இருங்க தாயே."

அப்புறம் அவள் செருப்பைக் கழற்றி வைத்தாள். நாலு பேர் போய்வருகிற இடம் என்றுகூடப் பார்க்கவில்லை, பெஞ்சிலேயே நீட்டிப் படுத்துவிட்டாள். "இதை மட்டும் யாராலயும் மடக்க முடியாது" என்றாள்.

எனக்கும் வலிக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6

பெஞ்சில் அவளைக் காணோம் என்று வாட்ச்மேனைக் கேட்டேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தானே கட்டிலை இறக்கப் பார்த்தாளாம். கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

மகனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "கட்டில்ல ஒரு குறையும் இல்லம்மா. பட்டையைப் பிடிக்காம ஓரத்தைப் பிடிச்சிட்டாங்க" என்றான்.

ஓரத்தைப் பிடித்தாள். சரி. பகலில் அவளை அதன் பக்கத்தில் போகவிடாமல் செய்தது யார்? நான்தான். என் வாய்தான்.

ஏப்ரல் 8

வலியோடு இதை எழுதவில்லை. அதுதான் அவமானம்.

இன்று மகன் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தான். எனக்குத் தெரியும், முதலில் என் கட்டிலுக்குத்தான் வருவான். அவன் ஆரம்பிக்குமுன் மருமகளிடம் போனேன். "கம்ப்யூட்டரை எடு. நான் படுக்கணும்." அவள் உடனே எடுத்துக்கொண்டாள். பலகையை மடக்கி, பட்டையைப் பிடித்துக் கட்டிலை இறக்கினேன். வந்தவர்கள் கால் வைக்க இடமின்றிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

படுத்துக்கொண்டே சொல்வதாக இருந்தேன். நோட்டீஸில் இருப்பதை நம்பாதீங்க, உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுட்டு வாங்குங்க என்று. வார்த்தையெல்லாம் வரிசையாகத் தயார். ஆனால் காலை நீட்டினேனா — அந்தக் கம்பி அப்படியே தளர்ந்தது. எத்தனை நாள் கழித்து! வாயைத் திறக்கப் போனவள், தூங்கிப்போனேன்.

பாவி, தூங்கிப்போனேன்.

மகன் என்ன சொன்னான் என்று மருமகள்தான் பிறகு சொன்னாள். "பாத்தீங்களா சார், பகல்ல படுக்காத எங்கம்மாவையே தூங்க வச்சிடுச்சு இந்த மெத்தை!" எல்லோரும் சிரித்தார்களாம். இரண்டு கட்டில் ஆர்டர் ஆகிவிட்டது.

ஏப்ரல் 9

எல்லாவற்றையும் மகனிடம் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதை, பெஞ்சம்மா சொன்னதை. அவன் முகம் சுண்டிப்போனது. "ஏம்மா முன்னாடியே சொல்லல? நான் என்ன வேத்து ஆளா?" கண் கலங்கினான். பொய்யாக இல்லை.

அப்புறம் யோசித்து ஒரு வழி சொன்னான்.

ஏப்ரல் 21

புது நோட்டீஸ். நான் வாயைத் திறந்து தூங்குகிற படம். நான் வாசிக்கவில்லை, பேத்தி வாசித்துக் காட்டினாள்: "பகலில் படுக்காதவரையும் படுக்க வைக்கும்!"

வழி இதுதான். ஆள் வந்தால் மருமகள் கம்ப்யூட்டரைச் சமையல் மேடைக்குக் கொண்டுபோய்விடுவாள், நான் படுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் போனதும் எழுந்து கட்டிலை ஏற்றிவிட வேண்டும். "உன் இடுப்புக்கும் ஆச்சு, வியாபாரத்துக்கும் ஆச்சு" என்கிறான். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது.

மே 4

காலையிலிருந்து மழை. கட்டில் பார்க்க யாரும் வரவில்லை.

முக்காலியில் இருக்கிறேன். சற்று முன் லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றது. வீட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். மருமகளும் கம்ப்யூட்டரைப் பாதி தூக்கிவிட்டாள்.

எதிர் வீட்டுக்காரர்தான், தன் வீட்டுக்குப் போகிறார்.